தொழிலைத் தேடுமுன் தன்னைத் தேடு

தீபாவளி மாலை. அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் உறவினர்கள் கூடியிருக்கிறார்கள். முறுக்குத் தட்டு கைமாறிக்கொண்டிருக்கிறது. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, உயர்நிலை நான்கில் படிக்கும் பிள்ளையிடம் வந்து நிற்கிறது.

"அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று மாமா கேட்கிறார். பிள்ளை வாய் திறப்பதற்குள், "இப்போது கணினித் துறைக்குத்தான் மதிப்பு. பேசாமல் அதையே எடுத்துக்கொள்" என்கிறார் அத்தை. "கணக்கியல் படித்தால் என்றைக்கும் வேலை இருக்கும்" என்கிறார் சித்தப்பா. "மருத்துவம் கிடைத்தால் விட்டுவிடாதே" என்று பாட்டி ஓர் ஓரத்திலிருந்து குரல் கொடுக்கிறார். பிள்ளை எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு இன்னொரு முறுக்கை எடுத்துக் கடிக்கிறது.

சிங்கப்பூரில் பல வீடுகளில் இந்தக் காட்சி நடக்கிறது. கேட்பவர்கள் யாரும் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. பிள்ளை நன்றாக வாழவேண்டும் என்ற அக்கறைதான் அவர்களைப் பேச வைக்கிறது. ஆனால், அந்தச் சிறிது நேரத்தில் மூன்று தொழில்களின் பெயர்கள் வந்துபோயின. பிள்ளையைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. அந்தப் பிள்ளை பொறுமையுள்ளதா, துருதுருவென்று இயங்குவதா? கையால் எதையாவது செய்வதில் மகிழ்கிறதா, மனிதரோடு பேசுவதில் மகிழ்கிறதா? இவற்றை ஒருவரும் கேட்கவில்லை. சட்டைத் துணியின் விலையையும் நிறத்தையும் விரிவாகப் பேசிவிட்டு, அணியப்போகிறவரின் அளவை எடுக்காமல் விட்டதைப் போன்றது இது.

வாழ்க்கைத்தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவர் முதலில் பார்க்கவேண்டியது தம் இயல்பையும் திறனையும்தான். மதிப்பெண், சம்பளம், பெற்றோர் விருப்பம், சமூக மதிப்பு ஆகிய அனைத்தும் முக்கியமானவையே. எனினும், அவை இரண்டாவதாகவே வரவேண்டும். இந்த வரிசை மாறும்போது, நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கள்கூடத் தமக்குப் பொருந்தாத இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் கைக்கு வந்தவுடன் நடப்பதை எண்ணிப் பார்த்தால் இந்த ஆபத்து புரியும். மாணவர்கள் ஒரு சில நாள்களுக்குள் தங்கள் விண்ணப்பத்தை அனுப்பவேண்டும். தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆகியவற்றில் உள்ள பாடப்பிரிவுகளிலிருந்து 12 தெரிவுகள் வரை வரிசைப்படுத்தலாம். பதினாறு, பதினேழு வயதில் ஒருவர் எடுக்கும் பெரிய முடிவுகளில் இது ஒன்று. முன்கூட்டியே தம்மைப் பற்றி யோசிக்காத மாணவர் அந்தச் சில நாள்களில் என்ன செய்வார்? சென்ற ஆண்டு எந்தப் பிரிவுக்கு எத்தனை புள்ளி தேவைப்பட்டது என்று பார்ப்பார். தம் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் ஆகப் பெரிய பெயர் உடையதை முதலில் எழுதுவார். நெருங்கிய நண்பர் எதை எழுதினாரோ அதை இரண்டாவதாக எழுதுவார். மீதி இடங்களை ஏதோ ஒரு வகையில் நிரப்பிவிடுவார்.

மதிப்பெண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்பதை மதிப்பெண் தெளிவாகச் சொல்லிவிடும். எந்தக் கதவுக்குள் நுழைந்தால் மனம் ஒன்றி வேலை செய்யமுடியும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேறு இரண்டு தேவை. ஒன்று இயல்பு, மற்றொன்று திறன்.

இவ்விரண்டையும் பலர் ஒன்றெனக் கருதுகிறார்கள். உண்மையில் இவை வெவ்வேறு. இயல்பு என்பது ஒருவர் பெரும்பாலான நேரங்களில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் குறிக்கும். பொறுமை, துணிவு, அறியும் ஆவல், ஒழுங்கை விரும்பும் மனம், பிறர் துன்பம் கண்டு இரங்கும் குணம் ஆகியவை இயல்புகள். திறன் என்பது கற்றும் பழகியும் பெறுவது. மின்கம்பிகளைப் பாதுகாப்பாக இணைப்பது, கணக்கேட்டைச் சரிபார்ப்பது, கணினி நிரல் எழுதுவது, மேடையில் பேசுவது ஆகியவை திறன்கள். இயல்பை மண் என்றால் திறனைப் பயிர் எனலாம். எந்த மண்ணிலும் உழைத்தால் ஏதேனும் ஒரு பயிர் விளையும். ஆனால், மண்ணின் தன்மை அறிந்து விதைப்பவருக்கே உழைப்பின் முழுப்பலன் கிடைக்கும்.

தாதிமைத் தொழிலை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். இரத்த அழுத்தத்தை அளப்பது, காயத்திற்குக் கட்டுப்போடுவது, மருந்தின் அளவைச் சரிபார்ப்பது ஆகியவை பயிற்சியில் கற்றுக்கொள்ளக்கூடிய திறன்கள். ஆனால், இரவுப்பணியில் ஒரு முதியவர் ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கும்போதும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வதற்குத் திறன் மட்டும் போதாது. அங்கே பொறுமையும் பரிவும் வேண்டும். அந்த இயல்பு உள்ளவருக்கு அது வேலையின் ஒரு பகுதி. இல்லாதவருக்கோ, ஒவ்வோர் இரவும் ஒரு போராட்டம்.

ஒரே தொழிலுக்குள்ளும் பல இயல்புகளுக்கு இடம் உண்டு என்பதையும் மறந்துவிடக்கூடாது. வழக்கறிஞர் என்றதும் நீதிமன்றத்தில் வாதாடுபவரே பலரின் நினைவுக்கு வருகிறார். ஆனால், அலுவலகத்தில் அமர்ந்து ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்து, ஒரு சொல்லின் பிழையால் வரக்கூடிய இழப்பைத் தடுக்கும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். முதலாமவருக்குச் சட்டென்று பதில் சொல்லும் துணிவு தேவை. இரண்டாமவருக்கு அமைதியும் நுணுக்கமும் தேவை. ஆகவே, "அவன் அதிகம் பேசமாட்டான், அவனுக்குச் சட்டம் ஒத்துவராது" என்று சொல்வதும் சரியன்று. "அவள் வாயாடி, அவளுக்குச் சட்டம்தான்" என்று சொல்வதும் சரியன்று. தொழிலின் பெயரோடு நின்றுவிடாமல், அதில் அன்றாடம் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

ஆளுக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தத்தைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே சிந்தித்திருக்கிறார்கள். திருக்குறளின் 52-ஆம் அதிகாரமான 'தெரிந்து வினையாடல்', ஒருவரின் தன்மையை ஆராய்ந்து அவருக்கு ஏற்ற பணியை ஒப்படைப்பதைப் பற்றியது. 48-ஆம் அதிகாரமான 'வலியறிதல்', ஒரு செயலில் இறங்குமுன் செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எடைபோட வேண்டும் என்று கூறுகிறது. அன்று அரசனுக்குச் சொல்லப்பட்ட இந்த அறிவுரை, இன்று விண்ணப்பப் படிவத்தின் முன் அமர்ந்திருக்கும் மாணவருக்கும் பொருந்துகிறது. இன்றைய மாணவரே தமக்கு அரசர்; ஆராயப்படவேண்டிய ஆளும் அவரே.

இக்காலத்தில் இச்சிந்தனை ஒரு துறையாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிராங்க் பார்சன்ஸ் பொறியாளராகவும் பள்ளி ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் பணியாற்றியவர். அவர் 1908-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் இளையர்களுக்குத் தொழில் ஆலோசனை வழங்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் மூன்று படிகளைக் கூறியது. முதலில் தன்னை அறியவேண்டும். அடுத்து, தொழில்களைப் பற்றி அறியவேண்டும். பிறகு, இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுக்கவேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வரிசை பழையதாகிவிடவில்லை.

அவருக்குப் பின்வந்த உளவியலாளர் ஜான் ஹாலந்து, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்தவர்களை நேர்காணும் பணியில் இருந்தார். ஆயிரமாயிரம் பேர் வந்தாலும், அவர்களின் வேலைப் பின்னணியைச் சில வகைகளுக்குள் அடக்கிவிட முடிகிறது என்பதை அவர் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1959-இல் அவர் வெளியிட்ட கோட்பாடு. மனிதரின் ஆர்வங்களையும் வேலைச் சூழல்களையும் ஆறு வகைகளாகப் பிரிக்கும் முறை அதன்வழி பரவியது.

கருவிகளோடும் பொருள்களோடும் வேலை செய்வதை விரும்புவோர் செயல்முறை வகையினர். விமானப் பராமரிப்பு, சமையல், மின்னியல் போன்ற துறைகளில் இவர்கள் மிளிர்வார்கள். 'ஏன்', 'எப்படி' என்று துருவிக்கொண்டே இருப்போர் ஆய்வு வகையினர். புதிதாக ஒன்றைப் படைக்கத் துடிப்போர் கலை வகையினர். கற்பிப்பதிலும் பராமரிப்பதிலும் நிறைவு காண்போர் சமூக வகையினர். பிறரை இணங்கவைத்து ஒரு முயற்சியை முன்னெடுப்போர் முனைவு வகையினர். பதிவுகளையும் எண்களையும் பிழையின்றிப் பேணுவோர் ஒழுங்கு வகையினர். பெரும்பாலோரிடம் ஒரு வகை மட்டும் இருப்பதில்லை. இரண்டு மூன்று வகைகள் கலந்திருக்கும். கலையும் ஒழுங்கும் சேர்ந்த ஒருவர் பதிப்புத் துறையில் சிறக்கலாம். ஆய்வும் சமூகமும் சேர்ந்த ஒருவர் உடற்பிணி மருத்துவத்தில் நோயாளிகளை மீண்டும் நடக்க வைப்பதில் சிறக்கலாம்.

கோட்பாடுகளைவிட, வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாறு இந்தக் கருத்தை நன்கு விளக்கும். சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் எஸ்.ஆர். நாதன் 1924-ஆம் ஆண்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காமல் வீட்டைவிட்டு வெளியேறினார். பிழைப்புக்காகக் கிடைத்த வேலைகளைச் செய்தார். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜப்பானிய மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். போருக்குப் பிறகு, வேலை பார்த்துக்கொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்தார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954-இல் சமூக ஆய்வுப் பட்டயப் படிப்பைச் சிறப்புத் தேர்ச்சியுடன் முடித்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது.

அதன் பிறகு அவர் ஏற்ற பொறுப்புகளின் பட்டியல் வியப்பளிக்கும். முதலில் மருத்துவச் சமூகப் பணியாளர். பின்னர் மாலுமிகளின் நலனைக் கவனிக்கும் அதிகாரி. 1962 முதல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவில் பணி. 1966-இல் வெளியுறவு அமைச்சு. 1971-இல் தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்குத் தலைவர். 1982-இல் நாளிதழ் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர். அதன்பின் மலேசியாவுக்கான தூதர், அமெரிக்காவுக்கான தூதர். 1999 முதல் 2011 வரை நாட்டின் அதிபர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேலைகள். உற்று நோக்கினால் எல்லாவற்றிலும் ஓர் இழை ஓடுவது தெரியும். நோயாளியின் குடும்பச் சிக்கலைக் கேட்பதும், மாலுமியின் குறையைக் கேட்பதும், தொழிலாளரின் கோரிக்கையைக் கேட்பதும், மற்றொரு நாட்டின் நிலைப்பாட்டைக் கேட்பதும் அடிப்படையில் ஒரே செயல்தான். எதிரில் இருப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அவருடைய நிலையைப் புரிந்துகொண்டு, நிதானம் இழக்காமல் ஒரு தீர்வை நோக்கி நகர்வதே அது.

அந்த இயல்புக்கு 1974-இல் கடுமையான சோதனை வந்தது. ஜனவரி 31 அன்று ஆயுதமேந்திய நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினர். பின்பு 'லாஜு' என்ற படகைக் கடத்தி, அதன் ஊழியர்களைப் பிணைபிடித்தனர். பல நாள்கள் நீடித்த பேச்சுவார்த்தையின் முடிவில், பிணையாளிகளை விடுவிப்பதற்கு ஈடாக, சிங்கப்பூர் அதிகாரிகள் 13 பேர் அந்நால்வருடன் குவைத்துக்கு விமானத்தில் செல்ல முன்வந்தனர். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் நாதன். அனைவரும் பத்திரமாகத் திரும்பினர். அந்த நேரத்தில் தேவைப்பட்ட நிதானத்தை எந்தச் சான்றிதழும் ஒருவருக்குக் கொடுத்துவிட முடியாது.

அவருடைய வாழ்க்கை இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, வேலையின் பெயர் மாறலாம். இயல்பு மனிதரோடு கூடவே வரும். இரண்டாவது, இயல்பு மட்டும் போதாது. மனிதர்களைப் புரிந்துகொள்ளும் மனம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆயினும் மொழியைக் கற்றதும், முப்பது வயதில் பட்டயம் பெற்றதும், ஒவ்வொரு துறையிலும் புதிதாகப் பயின்றதும்தான் அந்த மனத்தைத் தொழிலாக மாற்றின. விதை நல்லதாக இருந்தாலும் நீர் ஊற்றவேண்டும் அல்லவா?

இக்கருத்தை எல்லாரும் ஏற்றுக்கொள்வதில்லை. பெற்றோர் பலர், "ஆர்வம் வயிற்றை நிரப்புமா?" என்று கேட்கிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வீட்டுக் கடன், மருத்துவச் செலவு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றைத் தங்கள் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். நிலையான வருமானத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். ஆனால், பொருந்தாத படிப்புக்கும் ஒரு விலை உண்டு. ஓராண்டு படித்துவிட்டு வேறு பாடத்திற்கு மாறும்போது காலமும் கட்டணமும் வீணாகின்றன. மாறாமல் படித்து முடித்துப் பிடிக்காத வேலையில் சேர்பவரோ, அதில் முன்னேற மனமின்றித் தேங்கிவிடக்கூடும். சம்பள உயர்வு பெரும்பாலும் வேலையில் தேர்ச்சி பெற்றவருக்கே கிடைக்கிறது. நீண்ட காலம் உழைத்தால்தான் தேர்ச்சி வரும். இயல்புக்குப் பொருந்திய வேலையில் நீண்ட காலம் உழைப்பது எளிது. ஆகவே, வருமானத்தைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும் பிள்ளையின் இயல்பைக் கவனிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு தடை, வெளிப்படையாகப் பேசப்படாதது. அதுதான் சமூக மதிப்பு. சில கல்விக்கூடங்களை உயர்ந்தவை என்றும், சிலவற்றைப் 'படிப்பு வராதவர்கள் போகும் இடம்' என்றும் பேசும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகம் 1992-இல் அமைக்கப்பட்டது. சமையற்கலை, தாதிமை, இயந்திரவியல் போன்ற பல துறைகளில் அங்குத் தேர்ந்த பயிற்சி கிடைக்கிறது. பழுதான மின்விசிறியைப் பிரித்து ஒட்டும் வரை உறங்காத ஒரு மாணவர், கையால் செய்து கற்கும் கல்வியில் மலர்வார். 'அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ' என்ற அச்சத்தால் அவரை நாள் முழுவதும் விரிவுரை கேட்கும் இடத்திற்கு அனுப்பினால், இழப்பு அவருக்கு மட்டுமன்று. வீட்டில் மின்தூக்கி பழுதடையும்போதும், விமானம் புறப்படுமுன் அதன் இயந்திரம் சோதிக்கப்படும்போதும், அத்தகைய கைகளை நம்பித்தான் ஊரே இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு இளையர்களிடமிருந்தே வருகிறது. "பதினாறு வயதில் என் இயல்பு முடிவாகிவிட்டதா? நாளை நான் மாறமாட்டேனா?" என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்வி. இயல்பு கல்லில் செதுக்கிய எழுத்தன்று. கூச்சப்படும் பிள்ளை, பயிற்சியால் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளலாம். அவசரக்காரர் நிதானத்தைப் பழகலாம். எனவே, ஆர்வ வகையைக் காட்டும் வினாப்பட்டியலின் முடிவை யாரும் ஜாதகம்போல் நம்பவேண்டியதில்லை. அது ஒரு கண்ணாடி. இன்று நிற்கும் தோற்றத்தை மட்டும் காட்டும். "நீ கூச்சமுள்ளவன், ஆகவே உன்னால் ஆசிரியராக முடியாது" என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்தினால், உதவவேண்டிய கருவியே விலங்காகிவிடும். அதிகம் பேசாதவர் நன்றாகக் கேட்பவராக இருக்கலாம். நன்றாகக் கேட்கும் ஆசிரியரை எந்த மாணவருக்குத்தான் பிடிக்காது?

மேலும், எல்லாருக்கும் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடைப்பதில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்த முன்னோர்கள் தம் இயல்பைப் பார்த்து வேலை தேடவில்லை. பசி அவர்களுக்கு வேலையைக் காட்டியது. இன்றும் குடும்பச் சூழலால் உடனே சம்பாதிக்கவேண்டிய நிலையில் சில இளையர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தன்னறிவு பயன்படும். கிடைத்த வேலையிலேயே தமக்குப் பொருந்தும் பகுதியைக் கண்டுபிடித்து, அதில் தேர்ச்சி பெற்று, அடுத்த படிக்கு வழி தேடலாம். 2015-இல் தொடங்கப்பட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் வேலை செய்வோரும் தொடர்ந்து கற்க வகைசெய்கிறது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக்காக 500 வெள்ளி வழங்கப்பட்டது. 2024-இல், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. நடுவயதிலும் தொழில் மாற வாய்ப்புண்டு என்பதையே இது காட்டுகிறது. ஆனாலும், தம்மை அறியாமல் நாற்பது வயது வரை தடுமாறுவதைவிட, பதினாறு வயதில் அறியத் தொடங்குவது நல்லது.

அப்படியானால், ஒருவர் தம் இயல்பையும் திறனையும் எப்படி அறிவது? கண்ணை மூடி யோசித்தால் மட்டும் பதில் வராது. செய்த செயல்களில்தான் சான்று இருக்கிறது.

முதலில், ரசிப்பதையும் செய்வதையும் பிரித்தறியவேண்டும். கணினி விளையாட்டை மணிக்கணக்கில் ஆடுபவர் எல்லாரும், அதற்குரிய நிரலில் ஒரு சிறு பிழையைத் தேடி மணிக்கணக்கில் அமர்ந்திருக்க விரும்புவதில்லை. உணவங்காடி நிலையத்தில் ருசித்துச் சாப்பிடுவது வேறு. விடியுமுன் எழுந்து, அடுப்பின் வெப்பத்தில் நின்று, ஒரே குழம்பை நாள்தோறும் அதே சுவையில் சமைப்பது வேறு. ஒரு வேலையின் சலிப்பூட்டும் பகுதியைக்கூட ஒருவரால் தாங்கிக்கொள்ள முடிகிறது என்றால், அந்த வேலை அவருக்குப் பொருந்தக்கூடும்.

இரண்டாவதாக, பள்ளி வாழ்க்கையே ஒரு சோதனைக்களம். இணைப்பாட நடவடிக்கையின் முகாமில் கூடாரம் சாய்ந்தபோது முதலில் கயிற்றைப் பிடித்தவர் யார்? அழுத இளைய மாணவரிடம் போய் அமர்ந்தவர் யார்? பொருள்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் யார்? குழுப்பணியில் யாரும் சொல்லாமலே ஒருவர் எந்த வேலையை எடுத்துக்கொள்கிறாரோ, அது அவர் இயல்பின் அடையாளம்.

மூன்றாவதாக, தம்மை அறிந்த பிறரைக் கேட்கவேண்டும். ஒருவருக்கு இயல்பாக வருவது அவருக்கே பெரிதாகத் தோன்றாது. 'இது எல்லாருக்கும் வரும்தானே' என்று நினைத்துவிடுவார். பெற்றோர், வகுப்பாசிரியர், நண்பர் ஆகிய மூவரிடம், "என்னிடம் எந்த உதவியை எதிர்பார்த்து வருவீர்கள்?" என்று கேட்டால் போதும். மூன்று பதில்களிலும் ஒரே குணம் தென்பட்டால் அதை நம்பலாம்.

நான்காவதாக, வேலையை நேரில் பார்க்கவேண்டும். பள்ளியின் வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரைச் சந்திக்கலாம். கல்விக்கூடங்களின் பொது வரவேற்பு நாள்களுக்குச் செல்லலாம். விடுமுறையில் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ சில வாரம் வேலை செய்யலாம். அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம், "உங்கள் வேலையில் பிடித்தது என்ன?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "சலிப்புத் தருவது எது?" என்றும் கேட்கவேண்டும். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் பெரும்பாலும் பயன்மிக்கது.

கல்வி அமைப்பும் இந்தத் திசையில் நகர்ந்து வருகிறது. 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களுக்குப் பழைய கல்விப் பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் அவரவர் திறனுக்கு ஏற்ற நிலையில் கற்கும் முறை நடப்புக்கு வந்துள்ளது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும், தேர்வு முடிவுகள் வருமுன்னரே, ஆர்வத்தையும் இயல்திறனையும் ஆராய்ந்து ஒரு பகுதி மாணவர்களுக்கு நிபந்தனையுடன் இடம் வழங்குகின்றன. அந்த நேர்காணலில், "ஏன் இந்தத் துறை?" என்று கேட்கும்போது, "அம்மா சொன்னார்" என்பது பதிலாகாது. தன்னை அறிந்தவரால்தான் அங்கே எடுத்துக்காட்டோடு பேசமுடியும்.

கதவுகள் இவ்வாறு அகலமாகத் திறக்கப்படுகின்றன. ஆனால், வீட்டில் நடக்கும் பேச்சு மாறாவிட்டால் அவற்றின் பயன் முழுமை பெறாது. பெரியவர்கள் அறிவுரை கூறுவதை நிறுத்தவேண்டியதில்லை. கேள்வியைச் சற்று மாற்றினாலே போதும்.

மீண்டும் ஒரு தீபாவளி மாலை. அதே வரவேற்பறை, அதே முறுக்குத் தட்டு. இம்முறை மாமா, "இந்த ஆண்டு நீ செய்தவற்றில் எதைச் செய்தபோது நேரம் போனதே தெரியவில்லை?" என்று கேட்கிறார். பிள்ளை முறுக்கைக் கீழே வைக்கிறது. சற்று யோசிக்கிறது. பிறகு, பள்ளி விழாவுக்கு மேடை அமைத்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறது. விளக்கு எரியாமல் போனது, கம்பியைத் தேடிப் பிடித்தது, கடைசி நிமிடத்தில் மேடை முழுவதும் ஒளி வந்தது என்று பேச்சு நீள்கிறது. அத்தை குறுக்கிடவில்லை. சித்தப்பா, "அந்தக் கம்பியில் என்ன கோளாறு?" என்று கேட்கிறார். பாட்டியும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

அந்தப் பிள்ளை என்ன தொழிலுக்குப் போகும் என்று யாருக்கும் இன்னும் தெரியாது. ஆனால், அதைத் தேடவேண்டிய இடம் எது என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.